ஹாக்கர் சென்டர்ல வான்டன் மீ சாப்பிடுறது எப்படி: சீட் பிடிக்கிறதுல இருந்து தட்டைத் திருப்பி வைக்கிற வரைக்கும்

போன மாசம் ஊர்ல இருந்து சிங்கப்பூருக்குப் புதுசா வேலைக்கு வந்த தம்பி ஒருத்தன் மத்தியானம் 12:30 மணிக்கு ஹாக்கர் சென்டருக்குள்ள, அதாவது ஒரே கூரைக்குக் கீழ நிறைய சாப்பாட்டுக் கடை இருக்கிற இடத்துக்குள்ள போய், நேரா வரிசையில நின்னு வான்டன் மீ வாங்கிட்டான். மீன்னா நூடுல்ஸ், வான்டன்னா மெல்லிசான மாவுத்தோலுக்குள்ள கறி வச்சு மடிச்சது. டிரேயைக் கையில வச்சுக்கிட்டு சீட் தேடித் தேடிச் சுத்தி, கடைசியா ஒரு ஓரத்துல உக்காந்து, திரும்ப எழுந்து போய் சாப்ஸ்டிக் எடுத்து, திரும்பவும் எழுந்து போய் தண்ணி வாங்கி, வாயில வைக்கும்போது பத்து நிமிஷம் ஓடிருச்சு. நேத்து ராத்திரி மிஞ்சுன இடியாப்பத்தைக் காலையில பாத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி மீ மொத்தமும் ஒரே கட்டியாத் தூக்குது. "என்னண்ணே இதுக்குப் போயா இவ்ளோ பெரிய வரிசை"ன்னு கேட்டான். மீ மேல தப்பே இல்ல, எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்ங்கிறதைத்தான் அவன் தலைகீழா மாத்திட்டான்.

இந்தச் சாப்பாட்டுல ஒரே ஒரு விஷயம்தான் கணக்கு. தட்டு உங்க கைக்கு வந்ததுக்கு அப்புறம் மீ உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால மத்த எல்லா வேலையையும் அதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். கீழ இருக்கிற வரிசை முழுக்க அதுக்குத்தான். சிங்கப்பூரை வச்சு எழுதுறேன். கோலாலம்பூர்ல கறுப்பு சாஸ் நிறைய ஊத்துவாங்க, ஹாங்காங்ல சூப்புலயே போட்டுக் குடுப்பாங்க, அங்க கதை வேற.

1. முதல்ல இது உங்களுக்கு ஆகுமான்னு பாத்துக்கோங்க

சாதாரண கடை வான்டன் மீல மேல அடுக்கியிருக்கிற சிவப்பு ஓரம் வச்ச கறி சார் சியூ, அது பன்னிக்கறி. வான்டனுக்குள்ள இருக்கிறதும் பெரும்பாலும் கொத்துன பன்னிக்கறிதான், சில கடையில கூட எறாலும் சேரும். மீயைக் கிளறுற எண்ணெய்லயும் நிறைய இடத்துல பன்னிக்கொழுப்பு இருக்கும். மீலயே முட்டை இருக்கு. சூப்புக்குக் காஞ்ச மீன், நெத்திலின்னு ஏதாவது போட்டிருப்பாங்க.

இதை எதுக்கு முதல்ல சொல்றேன்னா, "கறி வேணாம், வெறும் மீ மட்டும் குடுங்க"ன்னு வாங்கி சைவம்னு நினைச்சுச் சாப்பிட்டவங்களை நானே பாத்திருக்கேன். கறியை எடுத்துட்டா சைவம் ஆகாது, எண்ணெயும் சூப்பும் அப்படியேதான் இருக்கு. சைவக்காரங்க சைவக் கடை எதுன்னு பாத்துப் போங்க, கோதுமைப் புரதத்துல செஞ்ச சார் சியூ வச்சு அங்க வான்டன் மீ போடுற கடையும் இருக்கு. முஸ்லிம் நண்பர்கள் ஹலால் சான்றிதழ் பாத்து வாங்குங்க, கோழிக்கறி சார் சியூ போடுற ஹலால் கடைகள் இருக்கு. "நோ போர்க் நோ லார்ட்"னு எழுதியிருந்தா அதுக்கு ஹலால்னு அர்த்தம் கிடையாது, பன்னி இல்லைங்கிறதை மட்டும்தான் அந்த போர்டு சொல்லுது.

எறால் அலர்ஜி இருக்கிறவங்க கேட்டுட்டு வாங்குங்க. வெளியில இருந்து பாத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரியாது.

2. கையில என்ன இருக்கணும்

டிஷ்யூ பாக்கெட், சில்லறை, அவ்ளோதான். டிஷ்யூவைக் கடையில எதிர்பாக்காதீங்க, அங்க ஏசியும் கிடையாது, காரம் வேற, மூக்கு ஒழுகும்.

ஒரு தட்டு பொதுவா 4 வெள்ளில இருந்து 6 வெள்ளிக்குள்ள வரும். ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு ஒரு குறிப்பு, இங்க தமிழாளுங்க டாலரை வெள்ளின்னும் சென்ட்டைக் காசுன்னும் சொல்லுவாங்க. இங்க பேங்க் அக்கவுண்ட் இருந்தா க்யூஆர் ஸ்கேன் பண்ணிக் குடுத்துடலாம், ஆனா சில வயசான அங்கிள் ஆண்ட்டி இன்னும் நோட்டுதான் வாங்குறாங்க. 50 வெள்ளி நோட்டை நீட்டாதீங்க, பின்னாடி நிக்கிற வரிசை மொத்தமும் உங்க மீதிக்காசுக்காகக் காத்திருக்கும். 2 வெள்ளி, 5 வெள்ளி நோட்டா வச்சுக்கோங்க.

3. நேரம்

12-லிருந்து 1:30 வரைக்கும் ஆபீஸ் கூட்டம். முடிஞ்சா 11 மணிக்குப் போங்க. ரெண்டு மணிக்கு மேல போனா கூட்டம் இருக்காது, ஆனா நல்ல கடையில மீயும் இருக்காது, தீந்ததும் ஷட்டரை இறக்கிட்டுப் போயிடுவாங்க. திங்கட்கிழமை நிறைய கடை லீவு. இதுபோக மூணு மாசத்துக்கு ஒரு தடவை போல சென்டரையே மொத்தமா மூடி கழுவுவாங்க, அந்தத் தேதியை முன்னாடியே அறிவிச்சிடுவாங்க, தூரத்துல இருந்து வர்றவங்க பாத்துட்டு வாங்க. நான் ஒரு தடவை ரெண்டு பஸ் மாறி வந்து பூட்டுன கேட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன்.

4. சீட்டை முதல்ல பிடிங்க

இங்க இதுக்குப் பேரு சோப் போடுறது. குளிக்கிற சோப்பு இல்லைங்க, இடம் பிடிக்கிறதுக்கு இவங்க சொல்ற வார்த்தை. நம்ம ஊர் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடுற அதே வேலைதான், இங்க துண்டுக்குப் பதிலா டிஷ்யூ பாக்கெட், குடை, ஆபீஸ் ஐடி கார்டு. ஐடி கார்டு மட்டும் வேணாம், தொலைஞ்சா தலைவலி. டிஷ்யூ போதும்.

புதுசா வந்தவங்க ரெண்டு தப்பு பண்றாங்க. காலி மேஜை, மேல ஒரு டிஷ்யூ பாக்கெட், யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க போலன்னு எடுத்து மூக்கைத் துடைச்சுட்டு உக்காந்துடுறது ஒண்ணு. அது இன்னொருத்தர் சீட்டு, அவர் வரிசையில நின்னு உங்களைப் பாத்துக்கிட்டுதான் இருப்பாரு. இன்னொண்ணு, தனியாப் போயிட்டு நாலு பேர் மேஜை மொத்தத்தையும் பிடிச்சு வைக்கிறது. தனியா இருந்தா கால்வாசி காலியா இருக்கிற மேஜைக்குப் போய், கையால சீட்டைக் காட்டி "திஸ் சீட் காட் பீப்பிள்?"னு கேளுங்க, தலையாட்டினா உக்காருங்க. தெரியாதவங்க கூட ஒரே மேஜையில உக்காருறது இங்க ரொம்ப சாதாரணம், பேச்சுக் குடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

மேஜை நம்பரைப் பாத்து மனசுல வச்சுக்கோங்க. சில கடையில மேஜைக்கே கொண்டு வந்து தருவாங்க, அப்போ நம்பர் கேப்பாங்க. ஃபேனுக்கு நேர் கீழ உக்காராதீங்க, உங்களுக்குச் சுகமா இருக்கும், மீ சீக்கிரம் ஆறிடும்.

5. அடுத்தது குடிக்க

நிறைய பேர் இதைக் கடைசியில வாங்கப் போறாங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க. தட்டை மேஜையில வச்சுட்டுத் தண்ணி வாங்கப் போனா மூணு விஷயம் நடக்கலாம். மீ ஒட்டிக்கும், இல்ல துப்புரவு ஆண்ட்டி நீங்க சாப்பிட்டு முடிச்சிட்டீங்கன்னு நினைச்சு தட்டை எடுத்துட்டுப் போயிடுவாங்க, இல்ல மைனா வந்துடும். மைனான்னா சும்மா நினைக்காதீங்க, மேஜை ஓரத்துல உக்காந்து நீங்க முதுகைத் திருப்புறதுக்காகவே காத்திருக்கும். ஒரு தடவை என் கண்ணு முன்னாலயே பக்கத்து மேஜையில ஒரு வறுத்த வான்டனை முழுசாத் தூக்கிட்டுப் பறந்துச்சு.

தண்ணிக் கடை தனியா இருக்கும். கோப்பின்னா கண்டென்ஸ்டு மில்க்கும் சீனியும் போட்டது, கோப்பி ஓன்னா பால் இல்லாம சீனி மட்டும், கோப்பி சின்னா இனிப்பில்லாத எவாப்பரேட்டட் மில்க்கும் சீனியும். சீனியே வேணாம்னா பின்னாடி கோசொங் சேத்துக்கோங்க, குறைச்சுப் போடணும்னா சியூ தாய். என்னைக் கேட்டா இந்த மீக்கு சூடா எதுவும் வேணாம், எலுமிச்சை ஜூஸோ பார்லியோ ஐஸ் போட்டு வாங்குங்க. வாங்கிட்டு வந்து டிஷ்யூ பக்கத்துலயே வச்சுட்டா சீட்டுக்கு ரெட்டைப் பூட்டு.

6. எந்தக் கடைன்னு எப்படி முடிவு பண்றது

சைனாடவுன் காம்ப்ளெக்ஸ்னு ஒரு ஹாக்கர் சென்டர், அதோட ரெண்டாவது மாடியில மட்டும் 200-க்கு மேல கடை இருக்கு, முதல் தடவை போறவங்களுக்குத் தலை சுத்தும். மேக்ஸ்வெல், ஓல்ட் ஏர்போர்ட் ரோடு, தேக்கான்னு மத்த ஹாக்கர் சென்டர் எல்லாத்துலயும் இதே கேள்விதான் வரும்.

வரிசை நீளத்தை மட்டும் நம்பாதீங்க, ஒரே ஆள் மெதுவா செஞ்சாலும் வரிசை நீளும். ரெண்டு நிமிஷம் ஓரமா நின்னு கையைப் பாருங்க. நல்ல கடையில ஆண்ட்டி ஒரு உருண்டை மீயைக் கையால உதறிப் பிரிச்சுத்தான் கம்பிக் கரண்டில போடுவாங்க. கொதிக்கிற தண்ணியில முக்கி, நீளக் குச்சியால நாலு கிண்டு கிண்டி அரை நிமிஷத்துல, மிஞ்சிப்போனா முக்கால் நிமிஷத்துல தூக்கிடுவாங்க. உடனே பக்கத்துல இருக்கிற பச்சைத்தண்ணியில ஒரு முக்கு. திரும்ப வெந்நீர்ல ஒரு முக்கு. அப்புறம் தண்ணி சொட்டாத அளவுக்குத் தட்டித் தட்டி உதறுவாங்க, அந்த சத்தம் பத்தடி தள்ளி கேக்கும்.

பச்சைத்தண்ணி எதுக்குன்னா, மாவுல ஒரு காரம் சேக்குறாங்க, நம்ம அப்பளத்துக்குப் போடுற அப்பளக்காரம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். மஞ்சள் நிறமும் அந்த இழுத்தா வர்ற கடிப்பும் அதுலதான் வருது, ஆனா கழுவலைன்னா சோடா மாதிரி ஒரு வாடை நிக்கும். பச்சைத்தண்ணி அந்த வாடையையும் மேல ஒட்டியிருக்கிற மாவையும் எடுத்துடும், வேகுறதையும் சட்டுனு நிறுத்திடும். இந்தப் படியை விடுற கடையில மீ கொழகொழன்னு இருக்கும். முன்னாடியே வேக வச்சுக் குவிச்சு வச்சிருந்தா அந்தக் கடையே வேணாம், நடையைக் கட்டுங்க.

சில இடத்துல ஆர்டர் சொல்ல ஒரு வரிசையும் வாங்க ஒரு வரிசையும் இருக்கும். தப்பான வரிசையில இருபது நிமிஷம் நின்ன அனுபவம் எனக்கு இருக்கு, முன்னாடி நிக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

7. ஆர்டரை எந்த வரிசையில சொல்றது

எத்தனை, என்ன, டிரையா (சாஸ்ல கிளறுறது) சூப்பா, சில்லியா இல்லையா, இங்கயா பார்சலா. இதே வரிசையில சொல்லுங்க. "ஆண்ட்டி, ஒன் வான்டன் மீ, டிரை, லெஸ் சில்லி, ஹேவிங் ஹியர்." அவ்ளோதான். ஆண்களை அங்கிள்னு கூப்பிடுங்க. சார் மேடம் எல்லாம் இங்க யாரும் சொல்றதில்ல.

இந்த வரிசைக்குக் காரணம் அவங்க கை வேலை செய்யுற விதம். முதல்ல எத்தனை உருண்டை மீன்னு எடுக்கணும். அப்புறம் தட்டா கிண்ணமான்னு முடிவாகணும். அடுத்து, இது முக்கியம், சாஸும் சில்லியும் தட்டுல முதல்லயே விழுந்துடும், அது மேலதான் மீ வரும். அதனால மீ வந்து விழுந்ததுக்கு அப்புறம் "ஆண்ட்டி நோ சில்லி"ன்னு கத்துனா அந்தத் தட்டு வீண், ஆண்ட்டியோட மூஞ்சியும் மாறும்.

சில்லி வேணாம்னு சொன்னா நிறைய கடையில அதுக்குப் பதிலா தக்காளி சாஸ் ஊத்திடுவாங்க, குழந்தைங்களுக்கு அப்படித்தான் குடுப்பாங்க. இனிப்பு பிடிக்காதுன்னா "நோ சில்லி, நோ டொமேட்டோ"ன்னு ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. நம்ம ஆளுங்க வீறாப்பா "மோர் சில்லி"ன்னு சொல்லுவாங்க, நம்ம மொளகாத்தூள் காரம் வேற, இந்த சம்பல் காரம் வேற, முதல் தடவை சாதாரணமா வாங்கிப் பாருங்க.

டிரை வாங்குறதா சூப் வாங்குறதா? முதல் தடவைன்னா டிரை. வான்டன் மிதக்குற சூப்பு சின்னக் கிண்ணத்துல எப்படியும் தனியா வரும். சூப் மீ வாங்குனா மீ வெந்நீர்லயே ஊறிக்கிட்டு இருக்கும், உங்களுக்குக் கிடைக்கிற நேரம் இன்னும் குறைவு. உடம்பு சரியில்லாத அன்னைக்கு மட்டும் நான் சூப் வாங்குவேன். பசி ஜாஸ்தின்னா "ஆட் நூடுல்"னு சொல்லுங்க, 50 காசோ ஒரு வெள்ளியோ கூட வரும், ரெண்டு தட்டு வாங்குறதை விட இது மேல்.

மொழி புரியலைன்னா பயப்படாதீங்க, படத்துல நம்பர் இருக்கும், அந்த நம்பரைக் காட்டி விரலால ஒண்ணு ரெண்டுன்னு சொன்னாப் போதும்.

8. காத்திருக்கும்போது செய்ய வேண்டியது

சாப்ஸ்டிக், ஸ்பூன் எல்லாம் கடை ஓரத்துல இருக்கும், தட்டு வர்றதுக்கு முன்னாடியே எடுத்து டிரேல வைங்க. குட்டித் தட்டுல வினிகர்ல ஊறுன பச்சை மொளகா எடுத்துக்கோங்க. இதை ஒதுக்கிடாதீங்க, கொழுப்பு எண்ணெய் நாக்குல திகட்டுறதை வெட்டுறது இந்தப் புளிப்புதான், மோர் மொளகா மாதிரின்னு நினைச்சுக்கோங்க, காரம் ரொம்பக் கம்மி. ஆனா அள்ளிக் கொட்டாதீங்க, பத்து துண்டு போதும்.

சாப்ஸ்டிக் வராதுன்னா ஃபோர்க் இருக்கும், கேளுங்க, வெக்கமே வேணாம். பழகணும்னா கீழ்க்குச்சியை கட்டைவிரல் கவட்டையிலயும் மோதிரவிரல் மேலயும் ஆடாம வைங்க, மேல்க்குச்சியைப் பேனா பிடிக்கிற மாதிரி பிடிங்க, மேல்க்குச்சி மட்டும்தான் அசையணும். எல்லாரும் நுனிகிட்ட பிடிச்சு ரெண்டையும் ஆட்டுறாங்க, அதனாலதான் குச்சி எக்ஸ் மாதிரி குறுக்கே போயிடுது. குச்சியைச் சாப்பாட்டுல நட்டுக்குத்தலா குத்தி வைக்காதீங்க, செத்தவங்களுக்கு ஊதுபத்தி ஏத்துற மாதிரின்னு சீனர்களுக்கு அது ஆகாது.

9. தட்டு வந்ததும் முதல் இருபது வினாடி

போட்டோ எடுக்கணுமா, ஒண்ணே ஒண்ணு எடுங்க. அடுத்து கிளறுங்க.

சார் சியூவையும் கீரையையும் தட்டு ஓரத்துக்கு ஒதுக்குங்க, வறுத்த வான்டன் இருந்தா அதையும் ஒதுக்குங்க, சாஸ்ல நனைஞ்சா அதோட மொறுமொறுப்பு போச்சு. குச்சியை மீக்கு அடியில விட்டு, தட்டோட தரை வரைக்கும் போய், மேல தூக்கி, உதறி விடுங்க. தட்டைக் கால்வாசி திருப்புங்க. திரும்ப அடியில இருந்து தூக்குங்க. ஏழெட்டு தடவை தூக்குனா மேல வெளிர் மஞ்சளா இருந்த மீ முழுக்க ஒரே பழுப்பா மாறும், அதுதான் அடையாளம். சோறு பிசையுற மாதிரி அமுக்கிக் கிண்டாதீங்க, மீ அறுந்து கூழாயிடும்.

சாஸும் எண்ணெயும் அடியில கிடக்கு, மேல எதுவும் இல்ல. கிளறாம மேல இருந்து சாப்பிட்டா முதல் பாதி சப்புன்னும் கடைசிப் பாதி உப்பாவும் இருக்கும். இன்னொரு காரணம், ஒவ்வொரு இழை மேலயும் எண்ணெய் ஏறுனாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. தம்பியோட தட்டு கட்டியானதுக்குப் பாதிக் காரணம் நேரம்னா மீதிக் காரணம் இதுதான்.

அப்பவும் ஒட்டிக்கிச்சுன்னா சின்னக் கிண்ணத்துல இருந்து ஒரே ஒரு ஸ்பூன் சூப் விட்டுக் கிளறுங்க, பிரிஞ்சிடும். ரசஞ்சாதம் மாதிரி கிண்ணத்தையே கவுத்துடாதீங்க, சாஸ் மொத்தமும் தண்ணியாயிடும். சிரிக்காதீங்க, எங்க டீம்லயே நாலு பேர் கவுத்திருக்காங்க.

10. எதை முதல்ல சாப்பிடுறது

முதல்ல மீ, ரெண்டு மூணு வாய். அதுதான் சீக்கிரம் கெட்டுப்போற ஐட்டம். நடுவுல வறுத்த வான்டன், மொறுமொறுப்பு போறதுக்குள்ள. அப்புறம் ஒரு வாய் மீக்கு ஒரு துண்டு சார் சியூன்னு சேத்துச் சாப்பிடுங்க, தனியாச் சாப்பிட்டா இனிப்பு தூக்கலாத் தெரியும். கீரை சை சிம், ஒரே கடியில போயிடும்.

சூப் வான்டனை உடனே வாயில போடாதீங்க. மேல்தோல் ஆறின மாதிரி இருக்கும், உள்ள கறி கொதிச்சுக்கிட்டு இருக்கும், கொழுக்கட்டைக்குள்ள சூடான வெல்லப் பூரணம் நாக்கைச் சுடுற அதே கதை. ஸ்பூன்ல எடுத்து, ஓரத்தைக் கடிச்சு ஆவி போக விட்டு, அப்புறம் சாப்பிடுங்க. கடைசி வரைக்கும் விட்டும் வைக்காதீங்க, தோல் ஊறி ஊறிக் கிழிஞ்சு கறி தனியா மிதக்கும். பாதி மீ முடிஞ்சதும் வான்டன் பக்கம் போறது சரியான நேரம்.

மொத்தத்துல பத்து நிமிஷச் சாப்பாடு. கதை பேசணும்னா தட்டு காலியானதுக்கு அப்புறம் பேசுங்க, ஆனா கூட்ட நேரத்துல வேணாம், பக்கத்துல ஒருத்தர் டிரேயோட நின்னுக்கிட்டு இருப்பாரு.

11. பார்சல் வாங்கணும்னா

தாபாவ்னு சொல்லுங்க. டப்பாவுக்கு 20, 30 காசு தனியாக் கேப்பாங்க. கால்மணி நேரத்துக்கு மேல ஆகும்னா எனக்குத் தெரிஞ்சு இதைப் பார்சல் வாங்காம இருக்கிறதே நல்லது, கோழிச் சோறு வாங்கிக்கோங்க. வாங்கியே ஆகணும்னா சூப்பைத் தனியாக் கட்டச் சொல்லுங்க, கடையிலயே மூடியைத் திறந்து ஒரு தடவை கிளறிட்டு மூடுங்க. எண்ணெய் முழுசா ஏறியிருந்தா வீட்டுக்குப் போற வரைக்கும் ஓரளவு தாங்கும்.

12. தட்டைத் திருப்பி வைக்கிறது

ஊர்ப் பழக்கத்துல அப்படியே எழுந்து வந்துடுவோம். இங்க 2021 செப்டம்பர் 1-லிருந்து ஹாக்கர் சென்டர்ல தட்டைத் திருப்பி வைக்காம போறதுக்கு நடவடிக்கை எடுக்கிறாங்க. முதல் தடவை எழுத்துல எச்சரிக்கை, ரெண்டாவது தடவை 300 வெள்ளி அபராதம், அதுக்கு மேல போனா கோர்ட். டிஷ்யூ, குடிச்ச கப்பு எல்லாத்தையும் டிரேல போட்டுக் கொண்டு போகணும், மேஜையில குப்பையை விட்டுட்டுப் போறதும் இதே கணக்குதான்.

திருப்பி வைக்கிற ராக்குல ஹலால்னு போர்டு போட்டது தனி, மத்தது தனி. வான்டன் மீ தட்டு ஹலால் ராக்குக்குப் போகவே கூடாது, பக்கத்துல இருக்கு, காலியா இருக்குன்னு வச்சுடாதீங்க. முஸ்லிம் நண்பரோட ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட்டாலும் ரெண்டு டிரேயையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம தனித்தனியாக் கொண்டு போங்க. போர்டு கண்ணுல படலைன்னா அங்க நிக்கிற துப்புரவு அங்கிள்கிட்ட தட்டைக் காட்டுங்க, அதுல ஒட்டியிருக்கிற சாஸைப் பாத்தே எந்தப் பக்கம்னு கையைக் காட்டிடுவாரு.